வாசலில் வெட்டி வைத்த தேசிக்காய்

காலையில் நூலகத்தைத் திறந்து பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது யோகா வந்தாள். வழக்கமாகச் சனிக்கிழமைகளில் மகளோடு வருகிறவள், அன்று வேலைநாளில் தனியே வந்து நின்றாள். "சேர், பிலோமினா மிஸ் நம்மள விட்டுட்டுப் போயிட்டா. விடியக்குள்ள, ஆசுபத்திரியில" என்றாள்.

மிஸ்ஸைக் கல்லடியில் அறியாதவர் குறைவு. தினமும் பாலம் கடந்து சைக்கிளில் வந்து, எங்கள் நூலகத்தின் சிறுவர் பகுதியை ஓய்வு பெறும்வரை நடத்தியவர். நான் பத்திரிகைப் பகுதிக்குப் பொறுப்பு. இடையில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் பிள்ளைகள் சிங்கமாகவும் கரடியாகவும் கத்துவார்கள். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் என்னைப் பார்த்து முறைப்பார்கள். போய்ச் சொன்னால், "உங்கட ஆக்கள் பேப்பர எப்பயோ படிச்சி முடிச்சிட்டாங்க சேர். நித்திரை குழம்பிப் போச்சு, அதான் கோவம்" என்பார். உண்மைதான், குறட்டை எனக்கும் கேட்டிருக்கிறது.

அவரைப் பற்றிப் பேச எடுத்தால் எனக்கு முதலில் வருவது இறால் விவகாரம்தான். யோகா அப்போது சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரை மீன் வாடியில் தாயோடு இருந்து இறால் உரித்துவிட்டு நேரே நூலகத்துக்கு ஓடிவருவாள். எவ்வளவு கழுவினாலும் கையில் அந்த வெடுக்கு நாற்றம் போகாது. ஒருநாள் ஒரு தாய் தன் மகனை அவள் பக்கத்திலிருந்து இழுத்தெடுத்து, "புத்தகமெல்லாம் நாறுது" என்று சத்தம் போட்டார். வாசகர் வட்டத் தலைவரோ, வாடிப் பிள்ளைகளுக்குப் பின் விறாந்தையில் தனி மேசையும் பழைய புத்தகங்களும் போதும் என்றார். மறுநாள் யோகா வரவில்லை. அவளோடு வருகிற பிள்ளைகளும் வரவில்லை.

மிஸ் சண்டை பிடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வாடிக்குப் போய், யோகாவின் தாய்க்குப் பக்கத்தில் குந்தி இறால் உரித்தார். அங்கிருந்து நேரே வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வந்து, தலைவருக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"மணந்து பாருங்க ஐயா. சவுக்காரம் போட்டுத்தான் கழுவினன், போகல்ல. எனக்கும் இனிப் பின் விறாந்தையிலதானா மேசை?"

"அதுக்கில்ல மிஸ்…" என்று தலைவர் இழுத்தார்.

"அப்ப நாளைக்கு வாசல்ல ஒரு வாளி தண்ணியும் தேசிக்காயும் வைக்கன். வாற எல்லாரும் கழுவட்டும். நீங்களும்தான்."

'எல்லாரும்' என்றாரே, அதுதான் அவருடைய கெட்டித்தனம். ஒரு பிள்ளையை மட்டும் கழுவச் சொன்னால் அது அவமானம். எல்லாரும் கழுவினால் அது அந்த இடத்து வழக்கம். மறுநாள் யோகா மிஸ்ஸின் சைக்கிள் கரியரிலிருந்து இறங்கினாள். முதலில் மிஸ் கழுவினார், பிறகு நான். தலைவரும் முணுமுணுத்துக்கொண்டே கழுவினார். தாய் இழுத்துக்கொண்டு போன அந்தப் பையன் தேசிக்காயை நக்கிப் பார்த்துப் புளிப்பில் முகம் சுளிக்க, யோகா விழுந்து விழுந்து சிரித்தாள். வாடிப் பிள்ளைகள் அதன்பிறகு ஒருநாளும் விறாந்தைக்குப் போகவில்லை.

புத்தகங்கள் பழுதாகாதா என்று அன்று நான் கேட்டேன். "புத்தகம் மணந்தா காத்தாட வைக்கலாம் சேர். வராமப் போன புள்ளய எங்க போய்த் தேடுற?" என்றார். அவரோடு ஒரே கூரையின்கீழ் வேலை செய்தேன் என்பதில் எனக்குத் தலைக்கனமே உண்டு.

இப்போது வாசலில் குழாய் வந்துவிட்டது. ஆனாலும் ஓய்வுபெற்ற பிறகும் மிஸ் தன் வீட்டு வளவு மரத்துத் தேசிக்காய்களைக் கொடுத்தனுப்பிக்கொண்டேதான் இருந்தார். அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை எனக்கு அந்த நினைவே இல்லை. யோகாவின் மகள் வாசலில் நின்று, "தேசிக்காய் இல்லாம எப்பிடி சேர் உள்ள வாற?" என்று கேட்டாள். அவள் ஓர் இறாலைக்கூட உரித்ததில்லை. நூலகம் என்றால் வாசலில் தேசிக்காய் இருக்கும் என்பதுதான் அவள் கண்டு வளர்ந்தது.

மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வேலையைத்தான். கடைக்குப் போய் வாங்கிவந்து வெட்டி வைத்தேன். முதலில் நான் கழுவினேன்.