கழுவிக் கொடுத்த டப்பாக்கள்

பன்னிரண்டு டப்பாக்கள் வந்து சேர்ந்தன. பன்னிரண்டையும் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பெண்கள் கொண்டு வந்திருந்தார்கள்.

அறிவுச்செல்வி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றில் நிலக்கடலை, ஒன்றில் சர்க்கரை, மற்றவை வெறுமையாகப் பளபளத்தன. முகத்துக்குப் பூசும் கிரீம் டப்பாவைக் கொண்டு வாருங்கள் என்று போன வாரம் சொன்னவள், மீதிக் கிரீமோடு என்று சொல்லவில்லை. தப்பு அவளுடையதுதான்.

"அழுக்கு டப்பாவ டீச்சரம்மா கையில குடுப்பாங்களா? வெறும் டப்பாவாக் குடுக்கக் கூடாதுன்னுதான் எம்மருமவ சக்கரையும் போட்டா," என்றாள் வள்ளியாத்தாள்.

பரமத்தி வேலூரில் வெற்றிலை அடுக்கும் கொட்டகை அது. அந்த மருமகள் யாழினி ஓரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. சிறுநீரில் புரதம் போகிறது, காரணம் பிடிபடவில்லை என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. அவள் பூசிய கிரீமில் பாதரசம் இருக்குமென்று அறிவுச்செல்விக்குச் சந்தேகம். ஆய்வகத்தில் சோதித்துக் காட்ட ஒரு பொட்டுக் கிரீம் வேண்டும். சந்தையில் அதை விற்றவன் மூன்று வாரமாக வரவில்லை.

"நீங்க இந்தக் கிரீமெல்லாம் போடறதில்லீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லீங்க."

"பாத்தாலே தெரியுதுங்க."

கொட்டகையே சிரித்தது. அறிவுச்செல்வியும் சிரித்து வைத்தாள். பதினேழு வயதில் தொடங்கி, நாமகிரிப்பேட்டையில், பெண் பார்க்க வருவதற்கு முன் இதேபோன்ற கிரீமை அவளும் இரண்டு வருடம் பூசியிருக்கிறாள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு வேதியியல் படித்து, சேலத்தில் கல்லூரி ஆசிரியையானாள். வயது நாற்பத்தொன்று. முகப்பூச்சுகளை ஆராய்வதால் கல்லூரியில் அவளுக்குப் 'பவுடர் டப்பா' என்று பெயர். பெரிய கடையில் வாங்குகிறவர்களின் டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்திருக்கிறது. சந்தையில் வாங்குகிறவர்களின் டப்பாவில் ஒரு சிரித்த முகம் மட்டும் இருக்கிறது. கருத்த பெண்கள் அதையே அதிகமாக, அதிக நாள் பூசுகிறார்கள். ஆறு வருடமாக அவள் கட்டுரைகளில் எழுதுவது இவ்வளவுதான். அதைப் படித்தவர்கள் சிலர்.

பன்னிரண்டு டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. பையை அங்கே வைத்தாள்.

மறுநாள் ஆய்வகத்தில் யாழினியின் டப்பாவிலிருந்த சர்க்கரையை வேறு பையில் கொட்டிவிட்டு, மூடியைத் திருப்பிப் பார்த்தபடியே இருந்தாள். மூடிக்குள் வட்டமாக ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ஊசியால் நெம்பினாள். எவ்வளவு தேய்த்தாலும் தண்ணீர் புகாத அந்த இடுக்கில், மஞ்சள் பாய்ந்த கிரீம் ஓர் அரிசி அளவு இருந்தது.

அதுவே போதுமானதாக இருந்தது. அனுமதித்த அளவைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு பாதரசம். அறிக்கையை இரண்டு முறை சரிபார்த்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நடைபாதையில் ஆளில்லை. யாழினிக்கே போன் செய்தாள்.

"அந்தக் கிரீமுல பாதரசம் இருக்கு, இன்னிக்கே நிறுத்திரு. அந்த மாதிரி டப்பாவுல எதயும் போட்டு வெக்காத. நான் அனுப்பற காகிதத்த டாக்டர்கிட்டக் காட்டு. காரணம் தெரிஞ்சுட்டா வைத்தியம் பாத்துரலாம்."

"நிறுத்திட்டா பழையபடி கருத்துப் போயிருவனுங்களா, அக்கா?"

"ஆமா."

"உங்களாட்டமாங்களா?"

"என்னாட்டந்தான்."



"செரீங்க்கா. இன்னொரு டப்பா ஒளிச்சு வெச்சிருந்தேன். அதயும் உங்களுக்கே குடுத்தனுப்பறேன். கழுவ மாட்டேன்." பிறகு, "சக்கரை போட்டிருந்தனுங்களே, டீ வெச்சுக் குடிச்சீங்களா?" என்றாள்.

சர்க்கரை மேசைமேல் இருந்தது. நச்சுக் கழிவுப் பையில் போட்டு, வாயைக் கட்டி, தேதியும் எழுதியாகிவிட்டது.

"குடிச்சேன், கண்ணு," என்றாள் அறிவுச்செல்வி.