பங்கேற்பாளர் ஏழின் பெயர்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தட்டச்சும் பிரிண்டும் லாமினேஷனும் உண்டு. பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் ஊரார் கொண்டுவருகிற தாள்களைத் தட்டச்சு செய்து செய்து வந்ததுதான். யாராவது ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். "டிராபிக்ல நின்னாத்தான்க்கா ஊர்ல இன்னா கடை கீதுன்னே தெரியுது" என்று ஓர் ஆட்டோக்காரர் சொன்னதுகூட அதில் இருக்கிறது.

போன வருடம் ஒரு பெண் கேள்வித்தாள் பிரதி எடுக்க வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, அடையாறில் தங்கி, பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கலைஞர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவள் ஆய்வு.

"கலைஞர்னா யாரும்மா? கச்சேரி பண்றவங்களா?" என்று கேட்டேன்.

"படம் வரையறவங்க, டிசைன் போடறவங்க, யாரா இருந்தாலும் சரிங்க்கா. ஆனா எனக்கு இந்த ஊர்ல ஆரையும் தெரியாதுங்க."

எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோரும் பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வருகிறவர்கள்தானே. நாத்தனாரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, மத்தியான நேரங்களில் அந்தப் பெண்ணோடு கிளம்பினேன்.

கே.கே. நகரில் கல்யாண மேடைக்குப் பின்திரை வரைகிறவர், "அந்த ஏ.ஐ. எல்லாம் நான் தொடறதே இல்லை" என்றார். ஆழ்வார்பேட்டை ஓவியர் ஒருவர் ஒருபடி மேலே போய், அது கலைக்கே அவமானம் என்று அரைமணி நேரம் பேசினார். அந்தப் பெண் பயபக்தியோடு குறிப்பெடுத்தாள். முந்தின வாரம்தான் அவர் ஏ.ஐ. போட்டுக் கொடுத்த நாலு படங்களை என்னிடம் கலரில் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய பாடு என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஏழாவதாகப் போனது மெஹந்தி போடும் ஒரு பெண்மணி வீட்டுக்கு. தி.நகரில், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம், ஒரு தையல் கடைக்கு மேல் மாடி. வீட்டுக்குள் உருது, எங்களிடம் சுத்தமான மெட்ராஸ் தமிழ். நாற்பது வயது இருக்கும். கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போடுவதில் அந்த வட்டாரத்தில் நல்ல கிராக்கி உள்ளவர். அன்றும் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் தாளைக் கூம்பாகச் சுருட்டி, மருதாணி விழுதை அடைத்து, கோன் செய்துகொண்டே பேசினார். அறை முழுக்க, விழுதில் கலந்த நீலகிரித் தைல வாசனை.

"பொண்ணுங்க ஏ.ஐ. படத்தைக் கொண்டாந்து இதே மாரி போடுங்கறாங்க பாப்பா. பாத்தா கைல ஆறு விரலு கீது. நான் எந்த விரலை வுட்டுட்டுப் போடறது?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு, "நீங்க ஏ.ஐ. பயன்படுத்தறீங்களாங்க்கா?" என்று கேட்டாள்.

"பின்ன? பூவு, மயிலு, பல்லக்கு எல்லாம் கண்ண மூடிக்கினு போடுவேன். மூஞ்சிதான் வராது. இப்ப உள்ளங்கைல பொண்ணு மாப்ள மூஞ்சி போடறதுதானே பேஷன்? நான் போட்டா மாப்ள, பொண்ணோட சித்தப்பா மாரி வர்றாரு. அதான் போட்டோவை ஏ.ஐ.ல போட்டுக் கோடா எடுத்துக்கினு, அத்தப் பாத்துப் போடறேன். வெளிய சொல்லிறாத. இவளுக்கு வரையவே வராதுன்னு பரப்பி வுட்டுருவாங்க."

ஒரு மணி நேரம் பேசினார். அவர் இணையத்தில் போட்ட டிசைன்களை மிஷின் எடுத்துக்கொண்டு, அவர் பேர் இல்லாமல் வேறு யாருக்கோ கொடுக்கிறது என்ற வருத்தத்தையும் சொன்னார். கடைசியில் அந்தப் பெண் ஒப்புதல் படிவத்தை நீட்டினாள்.

"இதுல என் பேரு எங்க வரும்?"

"பேர் வராதுங்க்கா. உங்க பாதுகாப்புக்காகத்தான். பங்கேற்பாளர் ஏழுன்னு வரும்."

"ஏழா? நான் இன்னா ஜெயில்லயா கீறேன்?" கையில் இருந்த கோனைக் கீழே வைத்தார். "இத்தினி வருசமா ஊர்ல கீற மாப்ளைங்க பேரெல்லாம் பொண்ணுங்க கைல ஒளிச்சு ஒளிச்சு எழுதறேன். அவன் தேடிக் கண்டுபிடிக்கணுமாம். என் பேரு எங்கியாவது உண்டா? பத்து நாள்ல கையும் வெளுத்துப் போவுது. புக்குல வருமேன்னுதான் உக்காந்து பேசினேன். மிஷின் என் பேரைப் போடாம எடுத்துக்குதுன்னு சொன்னேன், எழுதிக்கினே. இப்ப நீயும் அதையேதானே பண்றே?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு வைத்த விதி அது என்று ஏதோ சொன்னாள். அவர் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாவிட்டால் அந்தப் பேச்சு ஆய்வில் சேராது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "மத்தவங்க எல்லாரும் தொடவே மாட்டேன்னாங்க. இவங்க ஒருத்தங்கதாங்க்கா உள்ளதைச் சொன்னாங்க. அதுவும் போச்சு."

போகவில்லை. அவள் தன் பேராசிரியரைப் பிடித்து, அவர் குழுவைப் பிடித்து, சில வாரங்களில் புதுப் படிவம் ஒன்று வந்தது. அதில் இரண்டு கட்டங்கள்: என் பெயர் வெளியாகலாம், வேண்டாம். அதை நான்தான் பிரிண்ட் எடுத்தேன். அவர் பேசியதை எல்லாம் தட்டச்சு செய்ததும் நான்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினோம்.

கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நான் படித்தேன். ஆறு விரல் வந்த இடத்தில் அவரே சிரித்தார். மூஞ்சி போடுகிற இடம் வந்ததும் கோன் சுருட்டும் கை நின்றது.

"பேரு போட்டா, இதுவும் என் பேர்லதான் வருமா?"

"ஆமாங்க்கா. வேணாம்னா அந்தப் பகுதியை எடுத்துடலாம். இல்லாட்டி பேரில்லாம முழுசாவும் போடலாம். உங்க இஷ்டம்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்த வாரம் எங்கள் மயிலாப்பூரிலேயே ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் மூஞ்சி வேண்டும் என்று கேட்ட வீடு. இந்த ஆய்வு விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டது அது இரண்டாவது தடவை.

"நாளைக்கு எவளாவது போய் அந்தக் கல்யாண வூட்டு மாமிகிட்ட வத்தி வெக்கறதுக்கு முன்னாடி, நானே சொல்லிடறேன். போனைப் போடுக்கா, என் கையெல்லாம் மருதாணி."

அவர் போனை எடுத்து, கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, ஒரு விசயம். கைல மூஞ்சி போடறேன்ல, அது நானா வரையறதில்ல. ஏ.ஐ.ல கோடு எடுத்துப் பாத்துதான் போடறேன். உங்களுக்கு ஓகேவா?"

மாமி திருப்பிக் கேட்டார்: "ஏண்டிம்மா, எங்க பெரியவ கைல போட்டியே, அந்த மாப்பிள்ளை மூஞ்சியும் அப்படித்தானா?"

"ஆமா மாமி."

"அச்சு அசலா இருந்ததே! அப்போ இதுக்கும் அதையே பண்ணிடு. நீயா ஏதாவது வரைஞ்சு வெச்சுடாதே, என்ன? சம்பந்தியாத்துல எல்லாரும் பாத்துண்டு இருப்பா."

போனை வைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூட அந்த முகம் அப்படி ஆகியிருக்காது. பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பினாலா என்று நான் கேட்கவில்லை.

"எழுதிக்கோ பாப்பா, இதையும் எழுதிக்கோ. நீயா எதுவும் வரைஞ்சுடாதன்னு மாமி சொன்னாங்கன்னு."

"மாமியோட ஒப்புதல் வேணுமேங்க்கா."

"அப்ப மாமிக்கு எட்டாம் நம்பர் குடுத்துரு."

எழுந்து போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். விரல்நுனிகள் அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தன. ஒரு வரிகூட எடுக்கச் சொல்லவில்லை. முதல் கட்டத்தில் டிக் அடித்து, பெயரைத் தமிழில் ஒரு தடவை, கீழே உருதில் ஒரு தடவை எழுதினார். அதை நான் இங்கே எழுத முடியாது; அவர் சம்மதம் கொடுத்தது அந்த ஆய்வுக்கு, எனக்கல்ல.

தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "பேருக்குக் கீழ போன் நம்பர் போட்டுக்கலாமா?"