முருகன் புண்ணியத்தில் ஓடிய கெர்னல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனி, இரண்டு பிராசஸர் வைத்த கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. மூளை இரண்டாக இருந்தால் வேலை இரட்டிப்பாகும் என்பது எண்ணம். வீட்டில் இரண்டு மருமகள்கள் வந்தால் சமையல் சீக்கிரம் முடியும் என்று நம்புவது மாதிரிதான். அந்த இரண்டுக்கும் சண்டை வராமல் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது கெர்னல் என்கிற அடிப்படை புரோகிராம். அதை எழுதியவர்கள் மேனேஜரும் நானும், இரண்டே பேர்.

என் ஆறு மாத புரொபேஷன் முடிகிற நேரம். வேலை நிரந்தரம் ஆகாவிட்டால் ஊரப்பாக்கத்து வரனுக்குச் சரி சொல்லிவிடுவது என்று பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை நல்லவர்தான். பெண் வேலைக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய கண்டிஷன். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெஷினோ ஒரு நாளைக்கு நாலு தடவை அப்படியே நின்றுவிடும். திட்டினாலும் அசையாது, தட்டினாலும் அசையாது. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, புரோகிராமின் நடுவே ஏதாவது ஒரு சொல்லைத் திரையில் காட்டச் சொல்லிவைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மற்றவர்கள் 'ஒன்று', 'இரண்டு' என்று போடுவார்கள். நான் இருந்த எரிச்சலில் வாயில் வந்த 'முருகா'வை ஆங்கில எழுத்தில் அடித்துவைத்தேன்.

மெஷின் நிற்கவில்லை. திரை முழுக்க முருகா, முருகா என்று மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. வரியை எடுத்தேன், பத்தே நிமிடத்தில் படுத்துவிட்டது. திரும்பப் போட்டேன், ஓடியது.

மேனேஜர் வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரை முன்னால் நின்றார்.

"அப்படியே விட்டுடும்மா. திங்கக்கிழமை கஸ்டமருக்கு அனுப்பிடலாம்."

"சார், பிரச்சனை தீரல. முருகான்னு திரையில காட்டறதுல ஒரு பிராசஸர் கொஞ்சம் தாமதமாகுது. அதனால ரெண்டும் மோதிக்கல, அவ்வளவுதான்."

"அந்தத் தாமதத்தைக் குடுத்தது யாரு?"

அன்றைக்குப் புதன்கிழமை. சும்மா இருந்திருந்தால் வேலை நிரந்தரமாகியிருக்கும். அந்தச் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

"கஸ்டமர் ஆபீஸ்ல போய் மெஷின் நின்னா முருகன் வந்து பதில் சொல்ல மாட்டார் சார். நீங்கதான் சொல்லணும்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். இரண்டு நாளும் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே புரோகிராமைப் புரட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். பிளாட்பாரத்தில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு இடம் பிடிப்பது அங்கே எழுதாத சட்டம். லேடீஸ் பெட்டியில் ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை. பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் போகிற அம்மா ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"நான் வெளியிலேர்ந்து பார்த்தப்போ காலியாத்தானே இருந்தது?" என்றார் நின்றவர்.

"பாத்தா சீட்டு உன்னுதாயிடுமா? நானுந்தான் பாத்தேன். பாத்த கையோட கர்சீப்பப் போட்டேன். நீ பாத்துட்டு சுத்திக்கினு வந்தா நான் இன்னா பண்றது?"

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் கெர்னலில் ஒவ்வொரு பிராசஸரும் மெமரியில் ஓர் இடம் காலியா என்று முதலில் பார்க்கும். அடுத்த அடியில்தான் 'இது என்னுடையது' என்று குறித்துவைக்கும். நடுவே இருக்கிற இம்மி நேரத்தில் மற்றதும் பார்த்து, காலி என்று நம்பி, இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டன. பார்ப்பதையும் குறிப்பதையும் ஒரே கட்டளையில் செய்ய அந்த பிராசஸரில் வசதி இருந்தது. அதை உபயோகிக்காமல் அந்தப் பகுதியை எழுதிய புத்திசாலி வேறு யாருமில்லை, நான்தான்.

மத்தியானத்துக்குள் மாற்றி, முருகனையும் எடுத்துவிட்டு ஓடவிட்டேன். மேனேஜரிடம் சொன்னேன். "ம்" என்றார். சனி, ஞாயிறு முழுக்க மெஷின் நிற்கவேயில்லை.

திங்கட்கிழமை அவர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தார். மெஷின் நின்றுபோகாமல் ஓடினால் முடி தருவதாகக் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாராம். மண்டையை உடைத்துக்கொண்டது நான், மொட்டை போட்டது அவர், பெயர் முருகனுக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"சார், அதைக் கண்டுபிடிச்சது நான்."

"தெரியும்மா" என்று டிராயரைத் திறந்து ஒரு கவரை நீட்டினார். "முன்னாடியே குடுத்தா நீ அசந்துடுவேன்னு வெச்சிருந்தேன்."

வேலையை நிரந்தரமாக்கிய கடிதம். அவர் கையெழுத்துக்குக் கீழே போன புதன்கிழமைத் தேதி.

"அன்னிக்கு மெஷின் சரியாகவே இல்லையே சார்?"

"சரியாகலைன்னு நீதானே சொன்னே? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே. இருக்கலையே, அதுக்குத்தான்."

அந்த மொட்டைத் தலையை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.