அர்லெட்டாவின் எவர்சில்வர் துப்பாக்கி

டென்ஸில் மலின்ஸுக்கு மூச்சு நன்றாக இருந்த காலத்தில் அவனை எனக்குப் பிடிக்காது. ஓடைக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவன் வீடு. நான் வெளியே தலை காட்டினால் போதும், "என்ன கார்னெட், இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்று கத்துவான். நானும் சும்மா விடுகிறவள் இல்லை. பிறகு நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசியோடு சுரங்கம் அவனை வீட்டுக்கு அனுப்பியது. மூக்கில் பிராணவாயுக் குழாய், காலடியில் உருளை. கத்துவதற்கு அவனிடம் காற்று இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் கத்தல் வேண்டியிருந்தது.

அவன் மனைவி அர்லெட்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வேட்டையும் அவள் தலையில் விழுந்தது. நவம்பரில் வெளியூர்க்காரர்கள் வந்து எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைகளை மிதித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபின் டிசம்பரில் ஒரு வாரம், குழல்வாய் வழியாகக் கருமருந்தைக் கிட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கிக்கு மட்டும் அனுமதி. எங்கள் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு வேட்டை என்றால் அந்த வாரம்தான். ஒரு மான் விழுந்தால் உறைபெட்டி நிறையும். விழாவிட்டால் குளிர்காலம் முழுக்க பீன்ஸும் சோளரொட்டியும்தான்.

டென்ஸிலின் துப்பாக்கி பழசு, நீலப்பூச்சு போட்ட சாதா எஃகு. அதில் ஒரு தொல்லை உண்டு. ஒரே ஒரு குண்டு சுட்டாலும் அன்றைக்கே கழுவியாக வேண்டும். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும், இரண்டு நாள் விட்டால் உள்ளே துரு தின்னும். எங்கள் ஊரில் சுட்டவன் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன் குழலைக் கழுவுவான், அது எழுதாத சட்டம். அர்லெட்டா சுடுவாள், டென்ஸில் கழுவுவான். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கொதிக்கும் தண்ணீர் வாளியில் குழலின் அடியை முக்கி, துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுப்பான். நாலு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சு வாங்குவான். மறுபடி நாலு. தண்ணீர் மை மாதிரி வரும். முடித்து எண்ணெய் போட்டு, வாய் கீழே பார்க்கும்படி மூலையில் சாய்த்து வைப்பான், மிச்ச எண்ணெய் வடிய வேண்டுமே. தன் சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட்டாள். அந்த வீட்டில் அவனுக்கென்று மிஞ்சிய வேலை இது ஒன்றுதான்.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில், அர்லெட்டா மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்கி நேராக என் கொட்டகைக்கு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"பெரிய ஆண் மான்டி, கார்னெட். கல்லெறியற தூரம். சுத்தியல் விழுந்துச்சு, தீப்பொறி கேப்பும் வெடிச்சுது, உள்ள மருந்து பத்திக்கல. ரெண்டாவது தடவையும் அதே கதை. அது என்னப் பாத்து மூக்க உறிஞ்சிட்டு நடந்து போச்சு."

குழலின் அடித்திருகைக் கழற்றினாள். எண்ணெய் சொட்டியது. மருந்து கஞ்சியாகியிருந்தது. டென்ஸில் துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிறுத்தியிருக்கிறான். எண்ணெய் முழுக்க அடியில் இறங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் அவன் செய்யாத தப்பு.

"அவன்கிட்ட சொல்லப் போறியா?" என்றேன்.

"சொன்னா செத்துருவான்டி."

சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் பீன்ஸிலேயே கழிந்தது. டென்ஸில் எலும்பும் தோலுமானான்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அவள் கடைக்குப் போய் ஒரு புதுத் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கும் துருப்பிடிக்காத எஃகு, எவர்சில்வர். கட்டையும் மரமில்லை, பிளாஸ்டிக். 'கழுவலன்னாலும் ஒண்ணும் ஆகாது' என்று கடைக்காரன் அளந்திருக்கிறான். பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வானாம். நான் சோளரொட்டி கொடுக்கப் போயிருந்தபோது அவள் மெல்லப் பேச்செடுத்தாள்.

"எவர்சில்வரா?" என்றான் டென்ஸில். "மான் சுடவா, அதுல சூப்பு வெக்கவா?"

"துருப்பிடிக்காது, டென்ஸில். கழுவற வேலையே இல்ல."

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். இருமி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப நான் என்ன பண்றது?" என்றான்.

எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

புதுசை வாங்கினால் அவன் உடைந்துபோவான். வாங்காவிட்டால் இன்னொரு குளிர்காலம் இறைச்சி இல்லாமல் அவன் தாங்கமாட்டான். அர்லெட்டா அக்டோபர் முழுக்க இதில் உழன்றாள். கடைசியில் பழசைக் கொடுக்காமலே புதுசை வாங்கி, என் கொட்டகையில் ஒளித்து வைத்தாள். வேட்டை வாரத்தில் பழசைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவாள். கொட்டகையில் அதை வைத்துவிட்டுப் புதுசோடு மலை ஏறுவாள். இறங்கி வந்து, பழசில் மருந்து கிட்டித்து ஓடைக்கரை மண்ணில் ஒரு குண்டு சுட்டு, அழுக்காக்கி வீட்டுக்குக் கொண்டுபோவாள். அவன் கழுவுவான். வாய் கீழே பார்க்க வைத்தானா என்று அவள் பிறகு போய்ப் பார்ப்பாள்.

"பைத்தியக்காரி," என்றேன்.

"உன் கொட்டகை வாடகைக்குக் கெடைக்குமா கெடைக்காதா?" என்றாள்.

வியாழக்கிழமை பனிமழை. அன்றைக்குத்தான் புதுசில் மான் விழுந்தது. இரண்டு பேருமாக இழுத்து வந்தோம். கை மரத்து, மூச்சிரைத்து, சந்தோஷத்தில் பழசைச் சுடவே மறந்துவிட்டாள். துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்த துப்பாக்கியை அவன் மடியில் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

டென்ஸில் குழலை வாளியில் முக்கினான். கம்பியை இழுத்தான். நாலு இழுப்பு, மூச்சு, நாலு இழுப்பு. தண்ணீர் ஊற்றின மாதிரியே தெளிவாக இருந்தது, வாளியின் அடி தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல அழுக்கு," என்றான். "போய்க் கொட்டிட்டு வா, அர்லெட்டா."

அவள் வாளியோடு வெளியே போனதும் என் பக்கம் திரும்பினான்.

"நான் செவிடில்ல, கார்னெட். மலையில இன்னிக்கு ஒரு வெடி. ஓடைக்கரையில வெடியே இல்ல. தினமும் கரையில வெடிச்சது பழசு, மலையில வெடிச்சது வேற தொண்டை, எனக்குத் தெரியாதா?"

"அவ உனக்காகத்தான்…"

"வாய மூடு. எனக்கு மூச்சு கொஞ்சந்தான் இருக்கு. எவர்சில்வரும் துருப்பிடிக்கும். கடைக்காரன் பேச்ச நம்பி அவ கழுவாம விட்டுருவா. வெள்ளைக் குழல்ல துரு வெளிய தெரியாது, உள்ள குழி விழும். நாளைக்கு அவ வேலைக்குப் போனதும் அந்தப் புதுச எடுத்துட்டு வா. அவகிட்ட மூச்சு விடக் கூடாது."

மறுநாள் எடுத்துப்போனேன். பின்பக்கத் திருகை அவனால் திருக முடியவில்லை, நான் திருகினேன். வாளியில் முதல் இழுப்பிலேயே தண்ணீர் கறுத்தது. அவன் முகத்தில் வந்த திருப்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. நாலு இழுப்பு இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. உதடு நீலம் பாரித்தது. "விடுடா, நான் செய்றேன்," என்றேன். கம்பியை விடமாட்டேன் என்றான். மதியம்வரை ஆயிற்று. எண்ணெய் போட்டதும் கை தொங்கிவிட்டது.

"வாய் கீழ பாக்க வை," என்றான். "போன தடவ நான் தப்பு பண்ணிட்டேன். அவ சொல்லல, ஆனா எனக்குத் தெரியும்."

அந்த மான் இறைச்சி தீரும் முன்பே, மார்ச் மாதம், நாற்காலியிலேயே அவன் போய்விட்டான். எத்தனையோ பேருக்கு அழாத நான் அவனுக்கு அழுதேன்.

இந்த அக்டோபரில் அர்லெட்டா கொட்டகைக்கு வந்து புதுத் துப்பாக்கியை எடுத்தாள். திருகைக் கழற்றி, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள்.

"பாத்தியாடி? மான் சுட்டதோட வெச்சது. ஒரு வாட்டிகூட கழுவல. ஒரு பொட்டு துரு இல்ல. எவர்சில்வர்னா எவர்சில்வர்தான்."

செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு என்று இத்தனை மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்காரனுக்கு அந்தப் பெருமை போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"எவர்சில்வரும் இல்ல, மண்ணும் இல்ல. டென்ஸில் கழுவினான்டி. மறுநாளே. நீ வேலைக்குப் போனப்ப."

அவள் குழலை இறக்கவில்லை. கண்ணை அதிலேயே வைத்திருந்தாள்.

"தண்ணி யாரு சுட வெச்சது?"

"நான்தான்."

"நல்லா கொதிக்க வெச்சியா? வெதுவெதுன்னு இருந்தா அவனுக்கு ஆகாது."

"தளதளன்னு கொதிச்சுதுடி," என்றேன்.

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.