தோண்டிப் போட்ட நடைபாதை

எங்கள் பயிற்சி மையம் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. நகரத்தின் சாலைப் பொறியாளர்களுக்கு வகுப்பு நடத்துவது எங்கள் வேலை. பேருந்து நிறுத்தத்தை எங்கே வைத்தால் ஜனங்கள் ஓடாமல் ஏறலாம், நடைபாதை எப்படி இருந்தால் சக்கர நாற்காலி போகும், சைக்கிளுக்கு எங்கே இடம் விடுவது என்பதெல்லாம் பாடம். திருப்பத்தூரில் படித்துவிட்டு வேலைக்காக பெங்களூர் வந்த நான் அங்கே ஒருங்கிணைப்பாளராக இருந்தேன்.

பொறியாளர்களை அவர்களுடைய துறை அனுப்பி வைக்கும், கட்டணம் தராது. செலவையெல்லாம் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை ஏற்றிருந்தது. அந்த நிதி ஓராண்டுக்குத்தான். அடுத்த ஆண்டும் வேண்டுமென்றால், எங்கள் வகுப்பால் தெருவில் என்ன மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு எங்களிடம் ஒரே ஒரு தெருதான் இருந்தது. ஒக்கலிபுரத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகிற வழி. அதைப் பார்த்துக்கொண்ட உதவிப் பொறியாளர் எங்கள் வகுப்பில் படித்தவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம்.

"மேலிடத்துல போகச் சொன்னாங்க, வந்தேன் மேடம். சர்டிஃபிகேட் குடுத்தா போதும்," என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பயிற்சியில் ஒரு நாள், ஆளுக்கொரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவரவர் பொறுப்பிலுள்ள தெருவில் போய்வர வேண்டும். இவர் நாற்காலி ஒரு மின்பெட்டியைத் தாண்ட முடியாமல் நடைபாதையை விட்டு சாலைக்கு இறங்கியது. பின்னாலிருந்து ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. நாற்காலியிலிருந்து எழுந்தபோது வியர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. "என் ஏரியா மேடம் இது," என்றார்.

அதன் பிறகு முன்வரிசையில் உட்கார்ந்தார். கடைக்காரர்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, மின்பெட்டியை நகர்த்தி, நடைபாதையின் இரண்டு முனையிலும் சரிவு போட்டார். ரயிலுக்குப் போகிறவர்கள் பயணப் பெட்டியை உருட்டிக்கொண்டு அதன்மேல் போக ஆரம்பித்தார்கள்.

அறக்கட்டளை அதிகாரி டெல்லியிலிருந்து பார்க்க வந்த அன்று காலையில் அந்தப் பொறியாளரிடமிருந்து ஃபோன்.

"மேடம், நம்ம ஃபுட்பாத்தைத் தோண்டிட்டாங்க."

"யாரு?"

"கேபிள் போடற கம்பெனி. பர்மிஷன் வெச்சிருக்காங்களாம். கல்லையெல்லாம் பேத்துப் போட்டுட்டாங்க."

மையத்தின் தலைவரிடம் சொன்னேன். மெட்ரோ வாசலில் நல்ல நடைபாதை இருக்கிறதே, அதைக் காட்டிவிடலாம் என்றார்.

"அது நம்ம ஆளுங்க போட்டது இல்லையே சார்," என்றேன்.

கையிலிருந்த ஃபைலை மூடினார். "சரி, நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஃபண்டு வரலேன்னா உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல. அது ஞாபகம் இருக்கட்டும்."

அதிகாரியை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனேன். தெரு நெடுக மண் குவிந்து கிடந்தது. பயணிகள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே நடந்தார்கள். எங்கள் பொறியாளர், ஹெல்மெட் போட்டிருந்த ஒரு இளம்பெண்ணிடம் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். அவள் கேபிள் நிறுவனத்தின் பொறியாளர். குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள். எங்கள் கேபிள் முன்னாடியே இங்கே அடியில் இருக்கிறது. அதன்மேல் புது நடைபாதை போட்டீர்களே, எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? ஏதோ வகுப்புக்கெல்லாம் போனீர்களாமே, அதற்கு எங்களை யாராவது கூப்பிட்டார்களா?

எங்கள் பொறியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பெண் என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பூசி மெழுகிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஏன் கூப்பிடவில்லை?"

"சாலைப் பொறியாளர்களுக்கு மட்டும்தான் இந்த நிதி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது."

"அப்படியானால் அது நாங்கள் போட்ட நிபந்தனை," என்றார் அவர். மண்மேட்டைத் தாண்டி அந்தப் பெண்ணிடம் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் எங்கள் பொறியாளருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நிதி வந்தது. நாங்கள் கேட்டதைவிடக் குறைவுதான். வகுப்பில் பாதிப் பேர் கேபிள், தண்ணீர், சாக்கடை என்று தெருவைத் தோண்டுகிறவர்களாக இருக்க வேண்டும் என்பது புது நிபந்தனை. முதல் வகுப்பில் அந்தப் பெண்ணும், மறுபடி வந்திருந்த எங்கள் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கேபிளை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று டீ வரும்வரை சண்டை போட்டார்கள். கடைசியில், யார் தோண்டுவதானாலும் மற்றவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று முடிவானது. ஒக்கலிபுரத்து நடைபாதையைத் திரும்பப் போட்டார்கள். ஓரிடத்தில் மட்டம் சரியில்லை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது.

அடுத்த ஆண்டு அறக்கட்டளை வேறு விஷயங்களுக்கு நிதி தரப் போய்விட்டது. மையத்தை மூடினோம். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் போக்குவரத்து அறிக்கை எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன மாதம் அந்தப் பொறியாளர் கூப்பிட்டார். துறையே பணம் கொடுத்து வகுப்பு நடத்த வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஒரே ஒரு வகுப்புக்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

"சின்ன அமவுண்ட்தான் மேடம். பாடம் எடுக்க வருவீங்களா?"

வருகிறேன் என்று சொல்லி அலுவலகத்தில் விடுப்பு கேட்டிருக்கிறேன்.