அசிலோன்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஈஸ்ட் ஹாமில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை பார்த்தேன். அங்கே மொழிபெயர்க்க வந்த அக்காவை நினைத்தால் ஒரு மழைக்காலைதான் முதலில் கண்ணில் நிற்கும். கையெழுத்திட மறுத்துப் பேனாவை மூடிவைத்துவிட்ட ஒருவருக்கு முன்னால், அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மறுத்தவர் யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்த மாஸ்டர். அன்றே அவருடைய 'அசைலம்' விண்ணப்பம் போகாவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் நோர்பரியில் அவர் தங்கியிருந்த வீட்டுக்காரியான வெள்ளைக்கார மூதாட்டி, 'அசைலம்' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வாடி, தன் சித்தி அங்கேதான் செத்தாள் என்றாராம். மனநோயாளிகளைப் பூட்டிவைத்த பழைய ஆஸ்பத்திரியை அந்தக் காலத்தவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். மாஸ்டர் அகராதியைப் புரட்டினார்; அதிலும் அந்தப் பொருள் இருந்தது.

"நான் விசரன் எண்டு நானே எழுதிக் குடுக்க ஏலாது," என்றார்.

சட்டத்தரணி பொறுமையிழந்து எழுந்து போய்விட்டார். அக்கா அவசரப்படவில்லை. லண்டனுக்கு முன் மூன்று நாடுகளில் அலைந்தவர் அவர். போன இடமெல்லாம் அந்த ஒரு சொல் வேறு வேறு முகத்தோடு அவரை எதிர்கொண்டிருந்தது.

"ரோமிலை நான் வேலை செய்த வீட்டுப் பிள்ளையைக் காலமை 'அசீலோ'விலை விடுவன், மாஸ்டர். அங்கை அது நேர்சரி. பாரிஸிலை ஆருமில்லாத வயசாளிகளை வைச்சுப் பாக்கிற இடத்துக்கும் அதுதான் பேர். ஜெர்மனியிலை 'அசூல்' எண்டு எங்களை ஒரு முகாமிலை விட்டவங்கள். ஆதியிலை கிரேக்கச் சொல்லாம். இங்கை ஒரு கிரேக்கப் பாதிரியாரிட்டைக் கேட்டனான். 'அசிலோன்' எண்டால் ஒருத்தரும் கைவைச்சுப் பறிக்க ஏலாத இடமாம். விசர் பிடிச்சதுகளையும் ஆரும் அடிக்கக்கூடாது எண்டுதான் அந்தப் பேரை வைச்சிருக்கினம்."

மாஸ்டருக்குள் இருந்த இலக்கணக்காரர் விழித்துக்கொண்டார். "முன்னுக்கு நிக்கிற 'அ' எங்கட அநீதியிலை வாற 'அ' மாதிரியோ?"

"ஓம். 'சிலோன்' எண்டால் பறிக்கிறது. அது இல்லாதது அசிலோன்."

மாஸ்டர் அந்தச் சொல்லை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நான் கேக்கிறது சரிதான், பிள்ளை. சிலோன் இல்லாத இடம்!" சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

எல்லோரும் 'தஞ்சம்' என்று மொழிபெயர்த்த காலத்தில் அக்கா 'அடைக்கலம்' என்றே சொல்வார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "தஞ்சம் எண்டால் நாங்கள் போய் விழுறது. அடைக்கலம் எண்டால் எங்களை ஏற்றவன் பத்திரமாய் வைச்சிருக்க வேணும். கடமை அவன்ரை பக்கம்," என்றார். இன்று செய்தித்தாள்கள் அந்த ஆங்கிலச் சொல்லை ஒரு வசவாக எழுதுவதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது.

மாஸ்டர் கையெழுத்திட்ட அதே வாரத்தில்தான் அக்காவின் சொந்த விண்ணப்பம் இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டிருந்தது. எனக்கு அது பிறகுதான் தெரியும். அதை எவரிடமும் காட்டிக்கொள்ளாமல் மற்றவர்களுடைய வழக்குகளுக்கு ஓடித் திரிந்திருக்கிறார்.

மாஸ்டருக்கு அனுமதி கிடைத்து, மோர்டனில் குடியேறிச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய பிறகும் அக்கா காத்திருந்தார். தொண்ணூறுகளில் ஒருநாள் அவருடைய முடிவும் வந்தது. சட்டத்தரணி ஆங்கிலத்தில் வாசித்து முடித்தார். அக்கா அசையவில்லை. விளங்கவில்லையோ என்று நினைத்து அவர் மறுபடி வாசித்தார். எத்தனையோ பேருக்கு அந்த வரிகளைத் தமிழில் சொன்னவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் ஒருக்கால் தமிழிலை சொல்லும்."

சொன்னேன். "அக்கா, உங்களுக்கு அடைக்கலம் தந்திட்டினம்."

அதற்குப் பிறகுதான் அழுதார்.