கீழ் அறையில் மட்டும் வந்த இணையம்

தனக்கு நன்றாக ஓடுகிற ஒன்று மற்றவர்களுக்கு ஏன் ஓடவில்லை? அன்று என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நூலகத்தின் கீழ் அறையில் கணினி வேலை பார்ப்பவரும் அப்படித்தான் விழித்தார்.

அவரை எல்லோரும் ‘கீழ் ரூம்’ என்றே சொல்வார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் பதினோரு வருடமாக அவரும் சர்வர்களும்தான். மகளின் படிப்புக்காக மனைவி வேறு ஊரில் இருந்தார். மதியம் போன் வரும். “சாப்டீங்களா?” “ஆச்சு.” அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

அன்று காலை பழைய ப்ராக்ஸி சர்வர் கண்ணை மூடிவிட்டது. மேலே வாசிப்புக் கூடத்தில் இருக்கும் இருபது கணினிகளும் அதன் வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். லினக்ஸ் இயந்திரம் ஒன்றில் புதியதை நிறுவ உட்கார்ந்தார். இரண்டு மணிக்குள் கூடம் ஓடாவிட்டால் வேலையை வெளியாரிடம் கொடுத்துவிட்டு, அவரைப் புத்தகக் கிடங்குக்கு மாற்றப்போவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

புதிய ப்ராக்ஸி எழுந்திருக்கவே மறுத்தது. பிழைகள் பதிவாகும் கோப்பைத் திறந்து பார்த்தார். பக்கங்களைச் சேமிக்கும் கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்றிருந்தது. கோப்புறை ‘ரூட்’ என்கிற தலைமைக் கணக்கின் பெயரில் கிடந்தது. அதை ப்ராக்ஸியின் பெயருக்கு மாற்றியதும் எழுந்துகொண்டது. அதே இயந்திரத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தார். பளிச்சென்று வந்தது.

கூடத்துக் கவுன்டருக்குப் போன் போட்டார்.

“வருதாம்மா?”

“வரலைண்ணே.”

நிறுத்தி மறுபடி ஓட்டினார். அவருக்கு வந்தது.

“இப்ப?”

“இப்பவும் வரலை.”

“இங்க வருதேம்மா.”

“உங்க ரூம்ல மட்டும் மழை பேஞ்சா நாங்க எப்படிண்ணே நனையறது? மேல வந்துதான் பாருங்களேன். படி ஒண்ணும் கடிக்காது.”

மணி ஒன்றரை. படியேறினார். இத்தனை நாள் குரலாக மட்டுமே தெரிந்திருந்த கவுன்டர்ப் பெண்ணுக்குத் தன்னைவிட அதிகம் நரைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஏழாம் எண் கணினியின் முன் உட்கார்ந்தார். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது.

“இதை ஏம்மா சொல்லலை?”

“வருதா, வரலையான்னுதானே கேட்டீங்க. என்ன வருதுன்னு கேக்கவே இல்லையே.”

அவருக்குச் சுருக்கென்றது. யார் யாரை உள்ளே விடலாம் என்று நாம் சொல்லும்வரை, அந்த ப்ராக்ஸி தான் இருக்கும் இயந்திரத்தை மட்டும்தான் விடும். அவர் சோதித்ததெல்லாம் அந்த இயந்திரத்தில்தான். கீழே ஓடினார். கூடத்துக் கணினிகளை அனுமதிக்கும் ஒரு வரியை எழுதி, ‘எல்லோரையும் மறு’ என்ற வரிக்கு மேலே வைத்தார்; வரிகளை அது மேலிருந்துதான் படிக்கும்.

இம்முறை போன் போடவில்லை. மேலேயே போய்ப் பார்த்தார். ஒவ்வொரு திரையாக உயிர் பெற்றது. உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. மேலாளர் எட்டிப் பார்த்து, “சரி, இருங்க” என்றுவிட்டுப் போனார். கிடங்குப் பேச்சு அத்தோடு போயிற்று. சற்று நேரம் சுவரோரமாக நின்றுவிட்டுக் கீழே இறங்கினார்.

போன் அடித்தது.

“சாப்டீங்களா?”

‘ஆச்சு’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “இன்னும் இல்ல. நீ என்ன பண்ணிட்டிருக்கே?”

எதிர்முனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அவரும் போனை வைக்காமல் காத்திருந்தார்.

எட்ட இருந்தபடியே ‘வருதா’ என்று மட்டும் கேட்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்தால், இவர் கதையை அவர் காதிலும் போட்டுவிடுங்கள்.